சின்னக் கடை, சின்ன ஆபீஸுக்குக் கதவு அக்சஸ் கண்ட்ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடிட்டர் ஆபீஸ், ரத்தப் பரிசோதனை லேப், பல் கிளினிக், குடோன், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கம்பெனி என்று சின்ன இடங்களுக்குக் கதவு அக்சஸ் மாட்டிக் கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான். போனில் கேட்பவர்களும் அவற்றையேதான் கேட்கிறார்கள். கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். விலைகள் நான் வாங்கிப் பழகிய அளவில் தோராயமானவை. ஊருக்கு ஊர் மாறும்.

அக்சஸ் கண்ட்ரோல்னா என்ன? அட்டெண்டன்ஸ் மெஷினும் இதுவும் ஒண்ணுதானா?

அட்டெண்டன்ஸ் மெஷின் யார் எப்போது வந்தார் என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கதவைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அக்சஸ் கண்ட்ரோல் என்பது வந்தவர் யார் என்று பார்த்து, அவருக்கு அனுமதி இருந்தால் மட்டும் பூட்டை விடுவிப்பது. இப்போது வருகிற பல மெஷின்கள் இரண்டையும் செய்கின்றன. ஆனால் வாங்கும்போது பூட்டுக்கான ரிலே, அதாவது பூட்டுக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச், அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாடலில் ஒன்றுக்குப் பூட்டு இணைப்பு இருக்கும், மற்றதற்கு இருக்காது.

ஒரு கதவுக்கு மெஷின், பூட்டு, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், பேட்டரி, உள்ளிருந்து வெளியே வர எக்ஸிட் ஸ்விட்ச், கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர் ஆகிய ஆறும் வேண்டும். எல்லாரும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை மற்ற ஐந்தைப் பற்றியவை.

எங்க கடைக்கு இது தேவைதானா? நல்ல பூட்டு ஒண்ணு போதாதா?

பல இடங்களுக்குப் போதும். நீங்களும் இன்னும் ஒருவரும்தான் சாவி வைத்திருக்கிறீர்கள், பகல் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும், வாடிக்கையாளர் வந்து போவார்கள் என்றால் அந்தப் பணத்தில் நல்ல பூட்டும் ஒரு கேமராவும் வாங்குங்கள்.

சாவி நாலைந்து பேர் கைக்குப் போகிறது, ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் பூட்டு மாற்ற முடியவில்லை என்றால் அக்சஸ் பலன் தரும். கடைக்குள்ளேயே எல்லாரும் போகக்கூடாத ஒரு அறை இருந்தாலும் அப்படித்தான். மருந்து ஸ்டாக், கேஷ் அறை, வாடிக்கையாளர் ஃபைல்கள், சர்வர் போன்றவை இருக்கும் அறை. அப்படியானால் வாசல் கதவை விட்டுவிட்டு அந்த ஒரு அறைக்கு மட்டும் போட்டாலே போதும். செலவும் பாதியாகும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? சும்மா ஒரு ரவுண்டா சொல்லுங்க.

ஒரு கதவுக்கு, கார்டும் நம்பரும் ஏற்கும் சாதாரண கீபேட் மெஷின் 1,500 முதல் 3,500 ரூபாய். விரல் ரேகை மெஷின் 6,000 முதல் 10,000. முகம் பார்க்கும் மெஷின் அதற்கும் மேல். மேக்னெட் லாக் 1,500 முதல் 2,500, எஸ்எம்பிஎஸ்ஸும் பேட்டரியும் சேர்த்து 2,000 முதல் 3,000, டோர் குளோசர் 1,000 முதல் 2,000, எக்ஸிட் ஸ்விட்ச், பிராக்கெட், வயர், கேசிங் எல்லாம் சேர்த்து 1,500. மாட்டும் கூலி தனி.

ஆக, கார்டு செட் ஒன்று கூலியோடு 10,000 முதல் 14,000க்குள் முடியும். ரேகை என்றால் 16,000 முதல் 20,000 என்று வையுங்கள். இதற்கு ரொம்பக் கீழே யாராவது விலை சொன்னால் பேட்டரி, குளோசர் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கழற்றப்படுவது அந்த இரண்டுதான்.

மேக்னெட் லாக், டிராப் போல்ட், ஸ்ட்ரைக்னு என்னென்னமோ சொல்றாங்க. எதை வாங்கறது?

கதவைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைச் சொல்ல முடியும். எனக்குப் போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கதவின் போட்டோ. கண்ணாடியா, மரமா, அலுமினியமா, இரும்பு கிரில்லா? உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? ஒற்றைக் கதவா, இரட்டையா?

மேக்னெட் லாக் கதவு நிலையின் மேல்பக்கம் மாட்டும் மின்காந்தம். கதவில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். கரண்ட் இருக்கும்வரை தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும். '600 எல்பி' என்று பெட்டியில் போட்டிருந்தால் சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும் என்று அர்த்தம். உள் அறைகளுக்கும் பகல் நேர வாசலுக்கும் இது தாராளம். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானம் கிடையாது. கண்ணாடி, மரம், அலுமினியம் எல்லாவற்றுக்கும் தகுந்த பிராக்கெட் கிடைக்கிறது. கண்ணாடிக்கு யூ பிராக்கெட், உள்பக்கம் திறக்கும் கதவுக்கு இசட்-எல் பிராக்கெட் என்று கேளுங்கள். சின்ன ஆபீஸ் பத்தில் எட்டுக்கு நான் மாட்டுவது இதுதான்.

டிராப் போல்ட் என்பது மேலிருந்து ஒரு கம்பி இறங்கித் தாழ்ப்பாள் போல் விழுவது. கண்ணாடிக் கதவில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்ந்தாலும் கம்பி துளைக்குள் இறங்காது. கண்ணாடிக் கதவுகள் நாளடைவில் தொய்யத்தான் செய்யும். ஸ்ட்ரைக் என்பதை மின்சாரத்தில் விலகும் நாதாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கைப்பிடிப் பூட்டு இருக்கும் மரக்கதவுக்கு நல்லது. உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால் எப்போதும் திறக்கும் என்பது அதில் எனக்குப் பிடித்த குணம். நிலையை வெட்டிப் பதிக்க வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆசாரி வேண்டும்.

இரும்பு கிரில் கேட் என்றால் எலெக்ட்ரிக் ரிம் லாக். சாவியும் இருக்கும், ஒரு நொடி கரண்ட் கொடுத்தால் திறக்கவும் செய்யும். மெஷினில் திறக்கும் நேரத்தை ஒரு நொடிக்கு வைக்க மறக்காதீர்கள். ஐந்து நொடி என்று விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சூடேறி சீக்கிரம் போய்விடும்.

கரண்ட் போனா கதவு திறந்துக்குமா, மூடிக்குமா?

மேக்னெட் லாக் திறந்துகொள்ளும். ரிம் லாக் பூட்டியே இருக்கும். டிராப் போல்ட்டும் ஸ்ட்ரைக்கும் இரண்டு விதமாகவும் வருகின்றன. வாங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆட்கள் வெளியேறும் வழியில் கரண்ட் போனால் திறக்கும் வகையைத்தான் போடச் சொல்வேன்.

திடீரென்று திறந்துகொள்ளாமல் இருக்கத்தான் பேட்டரி. கணக்கு எளிது. மேக்னெட் லாக் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் எடுக்கும். மெஷினுக்கு இன்னொரு அரை ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் ஒரு ஆம்பியர். வழக்கமாகக் கொடுக்கும் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி புதிதாக இருக்கும்போது ஐந்து, ஐந்தரை மணி நேரம் தாங்கும். இரண்டு வருடம் ஆனால் அதில் பாதி. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட் சில நாள் மாலைதான் வருகிறது. அந்த ஒரு நாளை மனதில் வைத்து 17 ஏஎச் பேட்டரி போடுங்கள், அல்லது ஆபீஸ் இன்வெர்ட்டர் லைனிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கரண்ட் எடுங்கள். பெரிய பேட்டரி என்றால் அதைச் சார்ஜ் செய்யும் அளவுக்கு எஸ்எம்பிஎஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 3 ஆம்பியருக்குக் குறைந்து நான் போடுவதில்லை.

கரண்ட் பில்லைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு ஆம்பியர், 12 வோல்ட் என்றால் 12 வாட். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 9 யூனிட், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அப்போ ராத்திரி பேட்டரி தீர்ந்துட்டா கடை திறந்து கிடக்குமே?

கிடக்கும். அதனால்தான் இரவுக் காவலுக்கு மேக்னெட் லாக்கை நம்பாதீர்கள் என்று சொல்கிறேன். ஷட்டரை இறக்கிப் பூட்டுங்கள், கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். அக்சஸ் கண்ட்ரோல் ஆட்கள் புழங்கும் நேரத்துக்கானது. ஷட்டர் இல்லாத மாடி ஆபீஸ் என்றால் கதவின் கீழ்ப்பக்கம் சாவிப் பூட்டு ஒன்று தனியாக வைத்து, கடைசியாகப் போகிறவர் பூட்டிக்கொண்டு போகட்டும். அந்தச் சாவி இரண்டு பேரிடம் இருந்தால் போதும். அந்தப் பூட்டைப் போடும் முன் உள்ளே ஒருவரும் இல்லை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கார்டு, நம்பர், விரல், முகம்: எது நல்லது?

நம்பர் மிக மலிவு, மிக பலவீனம். ஒரே நம்பரை எல்லாரும் அடித்தால் ஒரு மாதத்தில் டீக்கடைப் பையனுக்கும் தெரிந்துவிடும். தினம் தொடும் நாலு பொத்தான்களில் மட்டும் எழுத்து மங்கியிருக்கும், அதைப் பார்த்தே ஊகிக்கலாம். ஆளுக்கொரு நம்பர் கொடுக்கும் மெஷின் என்றால் பரவாயில்லை.

கார்டு வேகமானது. தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு இன்னொன்று கொடுக்கலாம், இருபது முப்பது ரூபாயோடு போகும். அடுத்தவர் கையில் கொடுத்து அனுப்பலாம் என்பது குறை. விரலும் முகமும் அப்படி இரவல் கொடுக்க முடியாதவை, அதனால் வருகைப்பதிவும் சேர்த்து வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றவை. ஆனால் விரலை எல்லா வேலைக்காரர்களுக்கும் நம்ப முடியாது. அது அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

முகம் பார்க்கும் மெஷினை வாங்கினால் மாட்டும் இடத்தைக் கவனியுங்கள். மேற்கு பார்த்த வாசலில் சாயங்கால வெயில் நேராக விழுந்தால் திணறும். நான்கு மணிக்கு அங்கே நின்று பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். யோசனையே இல்லாமல் ஒன்றைச் சொல் என்றால், பத்துப் பேர் ஆபீஸுக்குக் கார்டு என்றுதான் சொல்வேன்.

எங்க ஆளுங்களுக்கு ரேகையே விழ மாட்டேங்குது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் மெஷின் கோளாறு இல்லை. லேத்தில் வேலை பார்ப்பவர், சிமெண்ட் கலவை தொடுபவர், பாத்திரம் கழுவும் அம்மா, நாள் முழுக்க அட்டைப்பெட்டி ஒட்டுபவர் இவர்களுக்கெல்லாம் ரேகை தேய்ந்திருக்கும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டு கோடுகள் மங்கியிருக்கும். கண்ணாடியில் எண்ணெயும் பஞ்சும் படிந்திருந்தாலும் எடுக்காது. பனியன் கம்பெனிகளில் பஞ்சுதான் முதல் எதிரி.

பதியும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாவது பதியுங்கள். ஈரத்துணியில் கை துடைத்துவிட்டு, விரலின் நுனியை வைக்காமல் நடுப்பகுதியை அழுத்தச் சொல்லுங்கள். அப்படியும் விழாதவர்களுக்குக் கார்டு கொடுத்துவிடுங்கள். ரேகையும் கார்டும் இரண்டும் ஏற்கும் மெஷினையே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். தினமும் காலையில் எல்லார் முன்னாலும் ஐந்து முறை விரலை வைத்து வைத்து எடுப்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு சங்கடம் என்று முதலாளிகள் யோசிக்க வேண்டும். தேய்ந்த ரேகை அவர் உழைத்ததற்கான அடையாளம்.

கார்டைக் காப்பி அடிக்க முடியுமாமே?

முடியும். நம் கடைகளில் அதிகம் விற்பது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதில் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை, பக்கத்தில் போனால் தன் எண்ணைச் சொல்லிவிடும். சின்னக் கருவி ஒன்றை வைத்துச் சில நொடிகளில் நகல் எடுக்கலாம். கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்தே நகல் செய்யவும் வழி உண்டு, அதனால் கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

இதற்குப் பயந்து 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கார்டுக்கு மாறினால் போதும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். மைஃபேர் கிளாசிக் கார்டின் பூட்டுமுறையை ஆராய்ச்சியாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். அதைவிடக் கவலையான விஷயம், மலிவு ரீடர்கள் கார்டின் வரிசை எண்ணை மட்டுமே படிக்கின்றன. அந்த எண்ணை நகலெடுக்கும் வெற்றுக் கார்டுகளும் சந்தையில் உண்டு. உண்மையான பாதுகாப்பு வேண்டுமென்றால் டெஸ்ஃபயர் வகைக் கார்டும், அதை முழுமையாகச் சரிபார்க்கும் ரீடரும் வேண்டும். விலை பல மடங்கு.

சாதாரண கடைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் கார்டை நகலெடுக்க மெனக்கெடுபவர் அநேகமாக உங்களிடம் வேலை பார்த்தவராக இருப்பார். அவரை நிறுத்த மலிவான வழி, கார்டோடு நம்பரும் அடித்தால்தான் திறக்கும் என்று மாற்றிவிடுவது. பல கீபேட் மெஷின்களில் அந்த வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை.

வெளிச்சுவத்துல இருக்கற மெஷினைப் பேத்து, ரெண்டு வயரை ஒட்டினா கதவு தொறந்துடும்னு யூடியூப்ல காட்டறாங்க. நெசமா?

நிஜம்தான். விலை குறைந்த மெஷின்களில் ரிலே மெஷினுக்குள்ளேயே இருக்கும். மெஷினோ வெளியே இருக்கும். ஸ்குரூவைக் கழற்றினால் பூட்டுக்குப் போகும் வயர் கையில் வந்துவிடும். விஷயம் தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை.

இரண்டு தீர்வு உண்டு. முதலாவது, செக்யூர் ரிலே எனும் சின்னப் பெட்டி. அது சுவருக்கு உள்பக்கம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும். வெளியே உள்ள மெஷின் அதற்குச் சங்கேதக் கட்டளை அனுப்பினால்தான் பூட்டு விடுபடும். வயரை ஒட்டிப் பயனில்லை. நீங்கள் வாங்கும் மெஷின் இதை ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, பூட்டை விடுவிக்கும் கண்ட்ரோலர் உள்ளே, கார்டைப் படிக்கும் வெறும் ரீடர் மட்டும் வெளியே என்ற அமைப்பு. இரண்டு மூன்று கதவு போடுபவர்களுக்கு இதுவே நல்லது. ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் அறைக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. தெரு பார்த்த கதவுக்குத்தான்.

உள்ளே யாராவது மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன லேபிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். வேறு யாரோ மாட்டிய செட். மெஷின் ஹேங் ஆகி நின்றுவிட்டது. எக்ஸிட் ஸ்விட்ச் மெஷின் வழியாகப் போனதால் அதை அழுத்தியும் பயனில்லை. பேட்டரி புதியது, அதனால் மெயினை நிறுத்தியும் மேக்னெட் விடவில்லை. உள்ளே இரண்டு பெண்கள், ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி. நான் போய் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கும்வரை இருபத்தைந்து நிமிடம் உள்ளே இருந்தார்கள். தீ எதுவும் இல்லை, நல்லபடியாக வெளியே வந்தார்கள். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து மேக்னெட் லாக் போடும் ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் பச்சை நிற எமர்ஜென்சி பிரேக் கிளாஸ் ஒன்று வைக்கிறேன். அதை மெஷினோடு இணைக்காமல், பூட்டுக்குப் போகும் பாசிட்டிவ் வயரையே நேராகத் துண்டிக்கும்படி இணைக்க வேண்டும். மெஷின் செத்தாலும் பேட்டரி இருந்தாலும் அழுத்தியவுடன் மேக்னெட் விட்டுவிடும். சில நூறு ரூபாய்தான். வெளியேறும் கதவை அது யாருக்காக இருக்கிறதோ அவர்கள் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. கட்டடத்தில் ஃபயர் அலாரம் இருந்தால் அதையும் பூட்டின் லைனோடு இணைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் பூட்டியே நிற்கும் வகைப் பூட்டுக்கு இந்த பிரேக் கிளாஸ் உதவாது. அங்கே உள்பக்கம் கையால் திறக்கும் கைப்பிடி இருந்தே ஆக வேண்டும்.

டோர் குளோசர் கட்டாயமா? ஏற்கெனவே செலவு எகிறுது.

கட்டாயம். கதவு முழுதாகச் சாத்தி, தகடும் மேக்னெட்டும் ஒட்டினால்தான் பூட்டு. பாதி திறந்து நிற்கும் கதவுக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் மெஷின் இருந்தும் ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவில் ஃப்ளோர் ஸ்பிரிங் (தரையில் பதித்த குளோசர்) ஏற்கெனவே இருந்தால் தனியாக வேண்டாம், அதைச் சரிசெய்தால் போதும்.

ஆன்லைன்ல செட்டா வாங்கி நானே மாட்டிக்கலாமா?

டிரில்லிங்கும் வயரிங்கும் பழக்கம் இருந்தால் தாராளமாக. ஒரு கதவு வேலை பெரிய வித்தையல்ல. தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கதவில் மாட்டும் இரும்புத் தகட்டை இறுக்கி முடுக்காதீர்கள். நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்திருப்பார்கள், தகடு லேசாக ஆட வேண்டும். அப்போதுதான் மேக்னெட்டோடு முழுப்பரப்பும் ஒட்டும். இறுக்கினால் ஓரம் மட்டும் ஒட்டி, 270 கிலோ பிடிக்க வேண்டியது ஒரு தள்ளில் வந்துவிடும். அடுத்தது, பூட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டையோடு, 1என்4007 என்று கேட்டால் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் வெள்ளைக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். பூட்டு விடும்போது காயிலிலிருந்து திரும்பி வரும் அதிக வோல்டேஜ் மெஷினின் ரிலேயைக் கெடுக்காமல் அது தாங்கிக்கொள்ளும். சில லாக்கில் உள்ளேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வயர். நெட்வொர்க்குக்கு வாங்கி மிச்சமான கேட்-6 வயரில் ஒரு ஜோடியை எடுத்துப் பூட்டுக்குக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். 20 மீட்டர் தூரத்தில் அரை ஆம்பியர் போனால், அந்த மெல்லிய வயரிலேயே ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடும். செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் இன்னும் மோசம். பூட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள்.

பூட்டு சில நேரம் பிடிக்குது, சில நேரம் பிடிக்க மாட்டேங்குது. ஏன்?

முந்தைய பதிலில் சொன்ன தகடும் வயரும்தான் முதல் சந்தேகம். மல்டிமீட்டரை வைத்துப் பூட்டின் முனையிலேயே அளந்து பாருங்கள். 12க்குப் பதில் 10.5 காட்டினால் வயரோ எஸ்எம்பிஎஸ்ஸோ காரணம். வோல்ட் சரியாக இருந்தால் மேக்னெட்டின் முகத்தைத் துடையுங்கள், துருவோ தூசியோ ஒரு தாள் கனம் இருந்தாலும் பிடிமானம் குறையும். மழைக்காலத்தில் மட்டும் தொல்லை என்றால் மரக்கதவு ஊதியிருக்கும், இழைத்துவிட்டால் சரியாகும்.

வாடகைக் கட்டடம். ஓனர் ஓட்டை போட விடமாட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு யூ பிராக்கெட் கவ்விப் பிடிப்பதுதான், துளை வேண்டாம். வயருக்குக் கேசிங் ஒட்டிக்கொள்ளலாம். மரக்கதவில் நாலைந்து ஸ்குரூ துளை தவிர்க்க முடியாது, காலி செய்யும்போது மரத்தூள் பசை வைத்து அடைத்துத் தருகிறேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதுவும் முடியாதென்றால் பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் கைப்பிடிப் பூட்டு இருக்கிறது. பழைய கைப்பிடியைக் கழற்றி அந்த இடத்திலேயே பொருத்தலாம், போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம். நாளைக்கு நூறு தடவை திறக்கும் வாசலுக்கு அது தாங்காது, முதலாளி அறைக்குச் சரி.

மொபைல்லயே திறக்கற மாதிரி, கிளவுட்ல எல்லாம் வருதே, அது வாங்கலாமா?

இரண்டு மூன்று கிளை வைத்திருப்பவர்களுக்கு உபயோகம்தான். வீட்டிலிருந்தே ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்டர்நெட் இல்லாதபோது கதவு வழக்கம்போல வேலை செய்யுமா? வருடச் சந்தா எவ்வளவு, கட்டாவிட்டால் என்ன நின்றுபோகும்? பதிவுகளை எக்செல்லாக எடுக்க முடியுமா? முதல் கேள்விக்கு 'செய்யாது' என்று பதில் வந்தால் வேண்டாம். ஒரு கிளை, எட்டுப் பேர் என்றால் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வேலையை விட்டுப் போன பையன் மறுபடி உள்ளே வந்துட்டான். எப்படி?

இந்தக் கேள்வியோடு வந்த இடங்களில் நான் கண்ட காரணங்கள் மூன்று. அவர் கார்டை மெஷினிலிருந்து நீக்கவே இல்லை, கையிலிருந்து வாங்கியதோடு சரி. அவரிடம் இன்னொன்று இருந்தது. அல்லது எல்லாருக்கும் பொதுவான நம்பர். அல்லது மெஷினின் மாஸ்டர் நம்பர் கம்பெனி கொடுத்த 123456 என்றே இருந்தது. அதை வைத்து அவரே தனக்கு ஒரு புது கார்டைச் சேர்த்துக்கொண்டார்.

மாஸ்டர் நம்பரை மாட்டிய அன்றே மாற்றுங்கள். ரேகை மெஷினில் யாரையும் அட்மினாகப் பதியாமல் விட்டால், மெனு பொத்தானை அழுத்தும் எவரும் உள்ளே போய்விடலாம். எத்தனையோ இடங்களில் இப்படித்தான் இருக்கிறது. கார்டு கொடுக்கும்போது யாருக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கார்டு தொலைந்த பின் அதன் எண் தெரியாவிட்டால், மலிவான கீபேட் மெஷினில் எல்லாரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பதிவதைத் தவிர வழியில்லை.

ஒருத்தர் கார்டு வெச்சா பின்னாடியே நாலு பேர் நுழையறாங்க. இதுக்கு என்ன மெஷின்?

ஒரு சாதாரணக் கதவில் இதை எந்த மெஷினும் தடுக்காது. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று இரண்டு ரீடர் வைத்து, வெளியே வந்ததாகப் பதியாதவர் மறுபடி உள்ளே நுழைய முடியாதபடி செய்யலாம். ஆனால் எட்டுப் பேர் ஆபீஸில் அது தினம் சண்டையில்தான் முடிகிறது, வெளியே வரும் ரீடரால் மேலே சொன்ன மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. கதவுக்கு மேலே ஒரு கேமரா வையுங்கள். கதவு முப்பது நொடிக்கு மேல் திறந்திருந்தால் கத்தும் டோர் சென்சார் மலிவு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாஃப் ரேகை கொடுக்கப் பயப்படறாங்க. ஆதார்ல இருந்து காசு போயிடும்னு சொல்றாங்க. சட்டச் சிக்கல் வருமா?

அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையிலிருந்து போலி ரேகை செய்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. கதவு மெஷினுக்கும் ஆதாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரேகையின் படத்தையும் அது பொதுவாக வைத்துக்கொள்வதில்லை, கோடுகள் பிரியும், முடியும் புள்ளிகளைக் கணக்காக மாற்றிச் சேமிக்கும். இருந்தாலும் நம்பரை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. தயங்குபவருக்கு ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பயோமெட்ரிக்கை (ரேகை போன்ற உடல் அடையாளங்களை) பூட்டி வைக்கக் காட்டிக் கொடுங்கள். அதற்கும் மேல் வேண்டாம் என்றால் கார்டு கொடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரேகையும் தனிநபர் தரவுதான். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. இப்போதே செய்யக்கூடியவை: எதற்காக எடுக்கிறோம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, வேலையை விட்டவரின் ரேகையை அன்றே அழிப்பது, மெஷினைப் பழைய பொருளாக விற்கும் முன் எல்லாப் பதிவையும் அழிப்பது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பழைய மெஷின் ஒன்று ஒரு தடவை முப்பது பேர் ரேகையோடு என் கைக்கு வந்தது.

மாட்டினவர் போனதும் நான் என்னென்ன வாங்கி வெச்சுக்கணும்?

புது மாஸ்டர் நம்பர் அல்லது அட்மின் பாஸ்வேர்டு, வாரண்டி பில், எந்த நிற வயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்த ஒரு படம், எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சாவி. வயர் படத்தை அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமே ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு நான் இல்லாமல் வேறொருவர் வந்தாலும் அரை மணியில் வேலை முடியும்.

பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே மெயினை நிறுத்தி, பேட்டரியில் கதவு பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரேக் கிளாஸை அழுத்தி, கதவு விடுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே செய்யலாம். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுப் பேட்டரியின் மேல் அன்றைய தேதியை மார்க்கரில் எழுதிவிடுங்கள்.